எட்டாம் வகுப்பும் ஃபின்லாந்துக் கடிதங்களும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடிதம் எழுதிப் பழக ஃபின்லாந்தில் ஒரு பள்ளி அமைந்ததும் பெரிய சந்தோஷம்.

பேனா நட்புக்கு அந்த நாடு பழைய வீடு. துர்க்கு நகரில் 1952இல் தொடங்கிய ஐ.ஒய்.எஸ். (இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ்) அமைப்பு, படிவம் நிரப்பி அனுப்பிய பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் நண்பர்களைத் தேடித் தந்தது. 2008இல் மூடிவிட்டார்கள். அதில் ஒருவர் பதில் போடாவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். வகுப்புக்கு வகுப்பு எழுதும்போது அந்தக் குறை வராமல் நீயும் அந்தப் பள்ளி ஆசிரியையும் பார்த்துக்கொள்ளலாம்.

உன்னிடம் நாற்பது பேர், அங்கே இருபது பேர் என்றாய். அங்குள்ள ஒவ்வொருவருக்கும் இங்கே இருவரைச் சேர்த்துவிடு. இருவரும் ஒரே கடிதமாக எழுதட்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பதில் எழுதி, அடுத்த சுற்றிலேயே சோர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து வந்த கடிதக் கட்டில் யாருக்காவது பதில் இல்லையென்றால் உடனே அந்த ஆசிரியைக்கு மின்னஞ்சல் போடு. விடுபட்ட கடிதம் படமாகவாவது வந்து சேரும்வரை கட்டைப் பிரித்துக் கொடுக்காதே. எல்லோர் கையிலும் கடிதம் இருக்க, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அடுத்த முறை மனசு வைத்து எழுதாது.

முதல் கடிதத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. கரும்பலகையில் மாதிரி எழுதிப் போட்டால், ‘மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்’ என்று இருபது கடிதமும் ஒரே அச்சில் வரும். அதற்குப் பதில் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொல். ஃபின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு. இங்கே காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். இரண்டு பக்கமும் அன்றாடம் நடக்கிற விஷயம். இன்று தட்டில் என்ன இருந்தது, யார் பரிமாறினார்கள், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டால் பதில் வளரும். ‘பள்ளி பிடிக்குமா?’ என்றால் ‘யெஸ்’ என்பதோடு நின்றுவிடும். முட்டையைச் சாம்பார் சோற்றில் உடைத்துப் பிசைவதை உன் பிள்ளைகள் அவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். பொருள் மாறிப்போகும் இடத்தை மட்டும் திருத்து. முழுக்கத் திருத்தினால் அது உன் கடிதமாகிவிடும். இனிஷியல் அப்பா பெயரின் முதலெழுத்து என்பதையும் ஒரு வரி எழுதச் சொல், அங்கே அது புரியாது.

அங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். ஆகவே ஜூலைக் கடைசியில் முதல் கட்டு, காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் இரண்டாவது, பொங்கலுக்குப் பின் மூன்றாவது. அதற்கு மேல் ஆசைப்படாதே; போக வர ஆகும் நாளும் தேர்வும் இடிக்கும்.

சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இருபது கடிதம், கடிதத்துக்கு இரண்டு தாள் என்றால் 200 கிராம், உறை தனி. தனித்தனியாகப் போடாமல் ஒரே உறையில், கண்காணிப்பு எண் கிடைக்கும் சேவையில் அனுப்பு. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கடிதத்தையும் போனில் படம் எடுத்து வை. கட்டு தொலைந்தாலும் பிள்ளைகளின் உழைப்பு தொலையாது. கடிதமும் ஓவியமும் மட்டும் போகட்டும். வளையல் வைத்தால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். விதை, தின்பண்டம், நாணயம் எதுவும் வேண்டாம்.

பள்ளி முகவரி மட்டும் கொடு. வீட்டு முகவரி, போன் எண் கூடாது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடு. கடிதங்களை நீ படிப்பாய் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

எந்த ஊர்ப் பள்ளி என்று நீ எழுதவில்லையே? வடகோடி என்றால் டிசம்பரில் பல நாள் சூரியன் எழாது. இரண்டாம் கட்டில் அதைக் கேட்கச் சொல், அந்த இருட்டிலேயே உட்கார்ந்து பதில் எழுதுவார்கள்.

அன்புடன்,
வசந்தா