நாக்கை நம்பிக் காணி வாங்காதே

நிலாவெளி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், இனிப்பு வந்த பிறகு மிச்சம் பேசலாம். இப்போது தம்பலகாமத்துக் காணிக்கு வருகிறேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தாயாம், இளநீர் மாதிரி இருந்ததாம், முற்பணம் கொடுக்கலாமா என்கிறாய். கொஞ்சம் பொறு.

நானும் ஏமாந்தவன்தான், ஆனால் நாக்கை நம்பி இல்லை, தாளை நம்பி. போன தை மாதம், மாரி முடிந்த கையோடு ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீற்றருக்கு 0.6 டெசிசீமன், ‘பாசனத்துக்கு உகந்தது’ என்று வந்தது. சித்திரையில் வெங்காயம் வைத்தேன். ஆனி முடிவதற்குள் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது, நோய் என்று நினைத்து மருந்து அடித்துக் காசையும் கரைத்தேன். ஆடியில் மறுபடி பார்த்தால் 1.4. அதே கிணறு! வெங்காயம் ரோசக்காரப் பயிர், தண்ணீர் 0.8ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும், 1.2இல் பத்தில் ஒரு பங்கு போகும், 1.8இல் காற்பங்கு. பீற்றூட் என்றால் 2.7 வரை அசையாது. ஆகவே உகந்தது என்றால் எந்தப் பயிருக்கு, எந்த மாதத் தண்ணீர் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே மணலுக்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு, அப்படியென்றால் மெஷினை நாள் முழுக்க ஓடவிட்டு அந்த ஓரடியை இறைத்தால் அடியிலிருந்து சவர்த்தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று நீயே பார். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்கப் போய் உப்பைக் கூட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

உன் காணி களிமண். அங்கே மொத்த உப்பைவிடச் சோடியத்துக்குத்தான் நான் பயப்படுவேன். சோடியம் கூடினால் களி குழைந்து மண் இறுகும், ஊற்றிய தண்ணீர் பாத்தியில் குளமாக நிற்கும், வேர் மூச்சு முட்டும். என் ஆடித் தண்ணீரில் லீற்றருக்கு சோடியம் 184 மில்லிகிராம், கல்சியம் 40, மகனீசியம் 49. இவற்றை முறையே 23, 20, 12.2 ஆல் பிரித்தால் 8, 2, 4 மில்லிச்சமவலு என்று வரும். கல்சியத்தையும் மகனீசியத்தையும் கூட்டிப் பாதியாக்கி (3) வர்க்கமூலம் எடுத்து, அதால் சோடியத்தைப் பிரி: 4.6. இதுதான் சோடியம் உறிஞ்சல் விகிதம். நம்முடைய இரசாயன வாத்தியார் இதைச் சொல்லித் தந்திருந்தால் அன்றைக்கே தூங்காமல் இருந்திருப்போம். 4.6க்கு எனக்குக் கவலையில்லை, மணலில் குழைய என்ன இருக்கிறது? களியில் இதே 4.6ஓடு கடத்துதிறன் 0.3க்குக் கீழே இருந்தால் மண் நன்றாகவே இறுகும். உப்புக் குறைந்த தண்ணீர்தான் அங்கே ஆபத்து, நீ குடித்த இளநீர் மாதிரித் தண்ணீர்!

இன்னொன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்று (பைகார்பனேட்). அது கல்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிட்டுச் சோடியத்தைத் தனியே விட்டுவிடும். காபனேற்றையும் இருகாபனேற்றையும் கூட்டி, கல்சியம் மகனீசியத்தைக் கழித்து மிச்சம் 2.5ஐத் தாண்டினால் (இதுவும் மில்லிச்சமவலுவில்) அந்தக் கிணற்றை விடு. 1.25க்குக் கீழே என்றால் பயமில்லை. நடுவில் வந்தால் கல்சியம் தரும் ஜிப்சம் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அந்தச் செலவையும் காணி விலையில் பேசு.

பக்கத்துக் காணிக்காரரின் அறிக்கையைக் காட்டினால் வாங்கி வைத்துக்கொள், ஆனால் நம்பாதே. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழும் ஒட்டி ஒட்டி இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடுதானே.

ஆவணியில் வா, காணிக்காரரிடம் அதுவரை தவணை கேள். கிணற்றை ஒரு கால் மணி நேரம் இறைத்துவிட்டு, போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, காற்று இல்லாமல் நிரப்பி அன்றைக்கே கொடுத்துவிடலாம். போத்தல் நான் கொண்டுவருகிறேன், சென்ற முறை நீ கொண்டுவந்த நெக்டோ சோடாப் போத்தல் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்