மணியார்டர் கூப்பனில் இடம் போதாது

மான்டரி பார்க், கலிபோர்னியா
17.8.2025, ஆவணி முதல் தேதி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டி வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் இரண்டு பேருமே "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறீர்கள்.

போன ஞாயிறு நீங்கள் கேட்ட கேள்விக்கு முகம் கொடுக்காமல் போனை வைத்துவிட்டேன். "உன் ஆபீஸ் அம்மா மாதிரி தைவான்காரங்க எல்லாம் வீடு, கடைன்னு நல்லா இருக்காங்க. டிவியில போலீஸ் துரத்துதே, அந்த சால்வடார்க்காரனும் அதே ஊருக்குத்தானே பிழைக்கப் போனான்? படிக்கணும், மேல வரணும்னு ஒரு இது வேண்டாமா?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பதில் தெரியாமல் இல்லை, போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வாரநாட்களில் கார்வி அவென்யூவில் வருமான வரிக் கணக்கு எழுதும் ஆபீஸ். அது தவிர, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுவரைக்கும் சனிக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் சால்வடார்க்காரர்கள் நிறைய வாழும் மெக்கார்தர் பூங்கா பக்கம் ஒரு இடத்தில் ஏழைகளுக்கு இலவசமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். காரில் அரை மணி நேரம்தான். கார்வியில் பலகை எல்லாம் சீன எழுத்து; காலையில் சோயாப் பாலும் எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியும் வாங்கக் கூட்டம் நிற்கும். மெக்கார்தர் பூங்கா பக்கம் நடைபாதை முழுக்கக் கடை: வெட்டிய மாம்பழம், சார்ஜர், குழந்தைச் சட்டை, பப்பூசா. பப்பூசா என்றால் நம் அடை மாதிரி, சோள மாவுக்குள் பீன்ஸோ சீஸோ வைத்துத் தட்டிச் சுடுவது. தொட்டுக்கொள்ளப் புளிப்பேறிய முட்டைக்கோஸ். அம்மாவுக்குப் பிடிக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த இரண்டு இடத்திலும் மேஜைமேல் வந்து விழுகிற காகிதங்களில் இருக்கிறது அப்பா. கார்வியில் வாடகைக்கு விட்ட வீட்டின் கணக்கு வரும். தைபேயில் இருக்கும் வங்கிக் கணக்கு வரும். வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அரசுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமை மேஜைக்கு வருவது இரண்டு மூன்று வேலைகளின் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ரப்பர் பேண்ட் போட்ட ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுக் கட்டு. அந்த ரசீதால் வரியில் ஒரு காசு குறையாது. சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அடுத்த வருஷமும் கொண்டுவருவார்கள். உங்கள் தபாலாபீஸ் கவுண்டரில் மணியார்டர் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்களே, அந்த ஞாபகம்தான் வரும்.

எங்கள் ஆபீஸ் அம்மாவின் கதையைக் கேளுங்கள். அவருடைய தாத்தா தைவானில் சாங்ஹுவா பக்கம் குத்தகைக்கு நெல் விளைவித்தவர், நம் தாத்தா மாதிரி. 1949இல் தைவான் அரசு ஒரு சட்டம் போட்டது: விளைச்சலில் நிலக்காரர் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு 1952இல் ராஜாஜி கொண்டுவந்த அவசரச் சட்டத்தை நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள், உழுதவனுக்கு 40 சதவீதம் என்று. அங்கே நிலக்காரனுக்கே அந்த அளவுதான்! அதோடு நிற்கவில்லை. 1953இல் நிலக்காரர்களின் உபரி நிலத்தை அரசு வாங்கி உழுதவருக்கே தவணையில் விற்றது. கொஞ்ச காலத்தில் நிலம் சொந்தமானது, பெரிய பையன் காலேஜ் போனான். அந்தக் காலத்தில் தைவானில் ஒரு சொலவடையே உண்டாம்: "வா வா வா, தைவான் பல்கலைக்கழகத்துக்கு வா, போ போ போ, அமெரிக்காவுக்குப் போ." 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்திப் படித்தவர்களுக்கு வாசலைத் திறந்தது. இவருடைய அண்ணன் எஞ்சினியரிங் மேல்படிப்புக்கு வந்து, வேலை வாங்கி, குடியுரிமை பெற்று, தங்கைக்கு மனுப் போட்டார். 1979இல் அமெரிக்கா பீஜிங்கை அங்கீகரித்துத் தைவானைக் கைவிட்டதும் அங்கே பயம். கையில் உள்ளவர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். 1982 முதல் சீனாவோடு பங்குபோடாமல் தைவானுக்கென்றே வருஷத்துக்கு 20,000 விசா இடம் கிடைத்தது. அதற்குள் ஊரில் நெல் வயல் பக்கம் தொழிற்சாலை வந்து நிலம் பொன்னாகிவிட்டது. அதில் ஒரு துண்டை விற்ற பணம்தான் இங்கே இவர் வாங்கிய முதல் வீட்டுக்கு முன்பணம்.

இந்த ஊருக்கே அப்போது "குட்டித் தைபே" என்று பெயர். 1983இல் இங்கே மேயரான லில்லி லீ சென்தான் அமெரிக்காவில் மேயரான முதல் சீன வம்சாவளிப் பெண். அதை ஊர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது என்று நினைக்காதீர்கள். 1986இல் ஆங்கிலம் மட்டும்தான் என்று நகரசபையில் தீர்மானம் போட்டார்கள், சீனப் பலகைகள் கண்ணை உறுத்தியதால்.

தைவான்காரர்கள் எல்லோரும் மாளிகையில் என்பதும் இல்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவி மூட்டு போனவர்களும் எங்களிடம் வருகிறார்கள். பெற்றவர்கள் தைபேயில் சம்பாதிக்க, இங்கே பெரிய வீட்டில் பதினான்கு வயதில் அக்காவும் தம்பியும் மட்டும் தனியாக வளர்ந்த கதையைச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் என் முன்னால் அழுதிருக்கிறார். வீடு சொந்தம், அதில் சமைத்துப் போட ஆள் இல்லை.

இனி எல் சால்வடார், மத்திய அமெரிக்காவில் ஒரு குட்டி நாடு. அங்கேயும் நிலத்தில்தான் ஆரம்பம். 1880களில் காப்பித் தோட்டத்துக்காக ஊர்ப் பொது நிலங்களைச் சட்டம் போட்டே ஒழித்தார்கள். நாட்டை "பதினான்கு குடும்பங்கள்" ஆளுகின்றன என்பது அங்கே வழக்கு. 1932இல் விவசாயிகள் எழுந்தபோது ராணுவம் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தப் புண் ஆறவே இல்லை. 1980 மார்ச் 24 அன்று ஏழைகளுக்காகப் பேசிய ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோவைப் பூசை செய்துகொண்டிருக்கும்போதே சுட்டார்கள். மெக்கார்தர் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது, கீழே எப்போதும் பூ இருக்கும். பிறகு பன்னிரண்டு வருஷ உள்நாட்டுப் போர், 75,000 பேருக்கு மேல் சாவு.

தைவானுக்கும் அமெரிக்கா பணம் கொடுத்தது. 1965 வரை வருஷத்துக்குச் சுமார் 10 கோடி டாலர். துப்பாக்கியும் கொடுத்தது, ஆனால் கூடவே உரமும் மின்சாரமும் போயிற்று, நிலச் சீர்திருத்தத்துக்கு ஆலோசனையும் போயிற்று. சால்வடாரில் சண்டை போட்ட அரசுக்குக் கோடி கோடியாகக் கொடுத்தது. அங்கேதான் வினை. தான் பணம் கொடுக்கும் அரசிடமிருந்து தப்பி ஓடிவந்தவனை அகதி என்று ஒப்புக்கொண்டால், அந்த அரசு கொலை செய்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் இல்லையா? அதனால் 1980களில் சால்வடார்க்காரர்களின் அடைக்கல மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை.

சனிக்கிழமை என்னிடம் ஓர் அக்காவும் தம்பியும் வருவார்கள். உங்கள் கேள்விக்கு அவர்களே பதில். அக்கா 1982இல் வந்தவர். அடைக்கலம் மறுத்தார்கள், ஒளிந்து வாழ்ந்தார், ராத்திரியில் ஆபீஸ் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தார். 1990 ஜூன் 15 அன்று செஞ்சுரி சிட்டியில் துப்புரவுத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் அடித்ததே, அதில் இவருக்கும் முதுகில் அடி. ஆனால் அந்த அடிக்குப் பிறகு தொழிற்சங்கம் ஜெயித்துச் சம்பளம் ஏறியது. தேவாலயங்கள் போட்ட வழக்கில் 1991இல் அரசு இறங்கிவந்து பழைய மனுக்களைத் திரும்ப விசாரிக்கச் சம்மதித்தது. 1997இல் வந்த சட்டத்தால் கடைசியில் பச்சை அட்டை, அதாவது இங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி. அந்தச் சட்டத்திலும் ஓரவஞ்சனை உண்டு: கம்யூனிஸ்ட் நாடு என்று கியூபாக்காரனுக்கும் நிகரகுவாக்காரனுக்கும் சுலபமாகக் கொடுத்துவிட்டு, சால்வடார்க்காரனையும் குவாதமாலாக்காரனையும் உன் கஷ்டத்தை நிரூபி என்றார்கள். எப்படியோ, இன்றைக்கு அந்த அக்காவுக்குச் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது, தொழிற்சங்க ஓய்வூதியம் வருகிறது, மகன் ஸ்கூல் வாத்தியார்.

தம்பி 2000இல் வந்தார். கூரை போடும் வேலை. அக்காவைவிட மாடாக உழைப்பவர். 2001 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சால்வடாரில் பூகம்பம் வந்ததால் இங்கே இருந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை என்று தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தார்கள். டி.பி.எஸ். என்பார்கள். பதினெட்டு மாதத்துக்கு. இருபத்து நான்கு வருஷமாக அந்தப் பதினெட்டு மாதத்தை நீட்டிக்கொண்டே வருகிறார்கள்! 2018இல் ரத்து என்றார்கள், கோர்ட் தடுத்தது. இப்போது 2026 செப்டம்பர் 9 வரைக்கும். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் பழைய வேலை அட்டை ஒவ்வொன்றையும் வைத்திருக்கிறார், முதல் அட்டையில் மீசை கருப்பு. காலாவதித் தேதி பக்கத்தில் இருப்பவனுக்கு எந்த வங்கி முப்பது வருஷ வீட்டுக் கடன் கொடுக்கும்? இரவு வகுப்பில் சேர்ந்து மின்வேலை லைசென்ஸ் வாங்கலாம் என்று நினைத்தாராம், அட்டை புதுப்பிக்கும் வருஷத்தில் பணமும் மனசும் அதற்கே போய்விடுகிறது. எல்லையை மறைவாகத் தாண்டி வந்தவருக்கு டி.பி.எஸ்.ஸை மட்டும் வைத்துப் பச்சை அட்டை தர முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அனுமதி வாங்கி வெளிநாடு போய் முறையாகத் திரும்பி வந்தால் ஒரு வழி இருக்கிறது என்கிறார் வக்கீல். இந்த வருஷம் விமானம் ஏற யாருக்குத் துணிச்சல்?

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அப்பா. இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே ஐந்தாம் வகுப்புப் படிப்பு. இங்கே தைவான்காரர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டதாரிகள், சால்வடார்க்காரர்களில் சுமார் பத்துக்கு ஒருவர்தான் என்பது உண்மைதான். அந்தப் புள்ளிவிவரத்தைத்தான் டிவியில் காட்டுவார்கள். தைவானிலிருந்து படிக்காதவனுக்கு விசா கிடைப்பது சுலபமில்லை. படிப்பு அவனை வடிகட்டி அனுப்பியது. சால்வடாரில் குண்டு விழுந்தபோது யார் என்ன படித்திருக்கிறான் என்று பார்த்து விழவில்லை.

"முறையா வரிசையில நின்னு வர வேண்டியதுதானே" என்றும் சொன்னீர்கள். நம் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மருமகன் பதினொரு வருஷமாக அதில் நிற்கிறார். நான் வேலைக்குப் போவதே அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு வாங்கிய அட்டையில், அதிலும் காலாவதித் தேதி உண்டு. ஆனால் நமக்கு இருப்பது நீளமான வரிசை. கூரைவேலைக்காரருக்கு நிற்க வரிசையே கிடையாது. எந்த ஜன்னலில் போய் நிற்பார்?

போன வருஷம் சின்ன அத்தை சாவுக்கு நான் வராதது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று அம்மா சொன்னாள். வந்தால் சென்னையில் விசா முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது, தேதி எப்போது கிடைக்கும் என்று நிச்சயமில்லை, பிள்ளைகள் இங்கே. இதை ஆபீஸ் அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 1984இல் தன் அம்மா இறந்தபோது அண்ணன் ஊருக்குப் போகவில்லை என்றார். தைவானில் அப்போது ராணுவச் சட்டம்; 1987 வரை இருந்தது. இங்கே ஒரு கூட்டத்தில் அந்த அரசைக் கண்டித்துப் பேசியதற்காக அவர் பெயர் கருப்புப் பட்டியலில். எஞ்சினியர், சொந்த வீடு, அமெரிக்கக் குடிமகன், அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூரைவேலைக்காரரும் தன் அம்மாவின் அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார். பணத்தில் இரண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஆனால் இதைச் சொல்லும்போது இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரிதான் தாழ்ந்தது.

ஜூன் மாதம் இங்கே குடியேற்றப் போலீஸின் சோதனைகள் ஆரம்பித்ததிலிருந்து பூங்காவை ஒட்டிய ஆல்வராடோ தெருக் கடைகள் பாதி இல்லை. ஜூலை 7 அன்று மெக்கார்தர் பூங்காவுக்குள் குதிரைமேலும் கவச வண்டியிலும் ஆட்கள் வந்தார்கள். நீங்கள் டிவியில் பார்த்தது அதுதான். மறுவாரம் அந்த அக்கா போன் செய்து, தம்பி வேலைக்குப் போகப் பயப்படுகிறான், அட்டை செல்லும்தானே என்று கேட்டார். செல்லும் என்றேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார்களா என்று கேட்டார்.

வேலைக்குப் போகாவிட்டாலும் ஊருக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குட்டி நாட்டுக்கு வெளியிலிருந்து வருஷத்துக்கு 800 கோடி டாலருக்கு மேல் போகிறது. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வெளிநாட்டில் இருப்பவனை அங்கே "தூரத்து அண்ணன்" என்பார்கள். சான் சால்வடாரில் அவனுக்கு நினைவுச் சின்னமே கட்டியிருக்கிறார்கள். வருகிற ஜனவரியிலிருந்து ரொக்கமாக அனுப்பும் பணத்துக்கு அமெரிக்கா 1 சதவீதம் வரி. நீங்கள் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் பிடித்ததைச் சொன்னேன், கூரைவேலைக்காரர் சிரித்துவிட்டார். உங்கள் அப்பாவைவிட எங்கள் அரசு பரவாயில்லை என்றார்.

மடத்துக் குத்தகை பாக்கிக்கும் அம்மாவின் கண் பரிசோதனைக்கும் சேர்த்து 30,000 ரூபாய் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்குள் வந்துவிடும். ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள். வங்கியில் அனுப்பினால் மணியார்டர் கூப்பன் மாதிரி அடியில் நாலு வரி எழுத இடமில்லை. இருந்தாலும் இதெல்லாம் அதில் கொள்ளாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்