நசுங்கியதை நிமிர்த்தித் தந்தவர்களுக்கு

நம் குடியிருப்பில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கிப் போட்டி நடந்து முடிந்துவிட்டது. பிள்ளைகள் யாரும் அழவில்லை. சரியாகச் சொன்னால், தோற்றவர்கள் மட்டும்தான் அழுதார்கள். வீடு முழுவதும் ஈயம் உருகிய வாசம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் திருகாணிகள் இறைந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நிதானமாக எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். நிதானம் வந்த பிறகு எழுதினால் நன்றி பாதி ஆறிவிடும் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

கிடங்கறையில் வைத்திருந்த பொம்மைத் துப்பாக்கிகள் தண்ணீரில் நனைந்து, பாரத்தின் கீழ் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை. யார் பொறுப்பு என்பதைச் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். இந்த மடல் அதற்கானது அல்ல.

“பொம்மைத் துப்பாக்கிதானே, காயவைத்தால் போதாதா?” என்று அந்த வாரம் முழுவதும் லிஃப்டில் என்னைக் கேட்டவர்கள் பலர். போதாது. நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை நெர்ஃப் நிறுவனப் பெயரில் வரும் ஸ்ட்ரைஃப் என்ற வகை. அதற்குள் இரண்டு சிறிய மோட்டார்கள், ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் ஒரு சக்கரம். எதிரெதிராகச் சுழலும் அந்தச் சக்கரங்களுக்கு நடுவே, விரலால் இழுக்கும் விசை, டார்ட் என்னும் நுரைக் குண்டைத் தள்ளிவிடும். சக்கரங்கள் அதைக் கவ்வி வெளியே எறியும். நான்கு ஏஏ பேட்டரிகளிலிருந்து மோட்டார் வரை மின்சாரம் போகும் வயர் தொழிற்சாலையிலேயே மெல்லியதாகத்தான் வருகிறது. தண்ணீர் பட்ட இணைப்புகள் பச்சை பூத்துவிட்டன. பிரித்தாயிற்று, போடுவதை நல்லதாகவே போட்டுவிடுவோம் என்று தோன்றியது. பழுது பார்க்கத் தொடங்கிய வேலை மேம்படுத்துவதில் வந்து நின்றது இப்படித்தான்.

மூன்றாம் மாடி பொறியியல் மாணவர் தன் சால்டரிங் இரும்போடு வந்து உட்கார்ந்தார். மின்னணுப் பொருள் வாங்க அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோதே, நம் வாசலில் நிற்கும் ஆட்டோ அண்ணன் அரைநாள் சவாரியை விட்டுவிட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கொண்டுவந்த தடித்த 18 கேஜ் வயரைப் போட்டோம். சுவிட்சுகளை மாற்றினோம். மூடி திறந்திருந்தால் மோட்டாரை ஓடவிடாமல் தடுக்கும் சுவிட்சை மட்டும் எடுக்கவில்லை. அதை எடுத்தால் வயரிங் எளிதாகும் என்று மாணவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் விரல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேட்டரி விஷயத்தில் எனக்கும் சில அப்பாக்களுக்கும் நடந்த வாக்குவாதத்தையும் இங்கே குறித்துவிடுகிறேன். பார்ப்பதற்கு ஏஏ போலவே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்கள் கடையில் கிடைக்கின்றன, நான்கையும் போட்டுவிடலாம் என்றார்கள். நான்கு போட்டால் ஏறத்தாழ 15 வோல்ட். ஆறு வோல்ட்டுக்குச் செய்த மோட்டார் அதைத் தாங்காது. மட்டமான செல் என்றால் மோட்டாருக்கு முன்னால் செல்லே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். பெரிய பிள்ளைகளின் துப்பாக்கிகளுக்கு மட்டும் லிப்போ எனப்படும் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்துதான் சார்ஜ் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சின்னவர்களுக்கு ரீசார்ஜ் செய்யும் சாதாரண ஏஏதான். என்னிடம் முகம் கோணியவர்கள் இப்போது பேசத் தொடங்கிவிட்டதால் அவர்களுக்கும் நன்றி.

கையால் இழுத்துச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கிகளில் வேலை குறைவு. உள்ளே இருக்கும் உந்துதண்டின் ரப்பர் வளையத்துக்கு அடியில் குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே சிலிக்கான் கிரீஸ் தடவினால் காற்று கசியாது. தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் யோசனையில் வந்தன, வேண்டாம் என்றேன். வாசலின் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். நெர்ஃபின் பழைய என்-ஸ்ட்ரைக் வரிசைத் துப்பாக்கிகள் சிலவற்றில் டார்ட் இல்லாதபோது காற்றைத் தடுக்கும் அடைப்பான் ஒன்று குழாய்க்குள் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வேகம் கூடும், ஆனால் டார்ட் போடாமல் வெறுமனே சுட்டுச் சுட்டு விளையாடும் பிள்ளைகளின் கையில் உந்துதண்டு முன்சுவரில் மோதி உடைந்துபோகும். எந்தப் பிள்ளையின் துப்பாக்கியில் எடுத்தோம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன்.

இத்தனையும் முடித்துச் சனிக்கிழமை மாலை சுட்டுப் பார்த்தோம். மோட்டார் புதுக் குரலில் பாடியது. டார்ட் மட்டும் மூன்றடி தள்ளிப் பொத்தென்று விழுந்தது. இன்னொன்று பக்கவாட்டில் திரும்பிச் செடிச்சட்டிக்குள் போனது.

மோட்டாரும் வயரும் பேட்டரியும் சரிதான். ஆனால் சக்கரங்கள் கவ்வ வேண்டியது அரை அங்குல விட்டமுள்ள நுரை உருளையை. கிடங்கறையில் அந்தப் பாரத்தின் கீழ் கிடந்த டார்ட்டுகள் எல்லாம் நாடாவைப் போலத் தட்டையாகிவிட்டன. பிடிக்க இடமில்லாவிட்டால் சக்கரம் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் வழுக்கத்தான் செய்யும். புதிய டார்ட்டுகளுக்குச் சொன்னால் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். போட்டியோ மறுநாள் காலை.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் மாடி ஆச்சி கதவைத் தட்டினார்கள். உதவ வரவில்லை. மோட்டார் இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று சொல்ல வந்தார்கள். துப்பாக்கி விளையாட்டு ஆச்சிக்கு அறவே பிடிக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்; இந்தப் போட்டியைத் தொடங்கிய ஆண்டு சங்கத்தில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவரே.

வாசலில் நின்றபடியே திட்டிக்கொண்டிருந்தவர்கள், கூடத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார்கள். உள்ளே வந்து ஒரு டார்ட்டை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினார்கள். நசுக்கினார்கள். விட்டார்கள். மறுபடியும் நசுக்கினார்கள்.

“இது கெட்டுப்போகவில்லையே, மடங்கித்தானே இருக்கிறது” என்றார்கள். “ஏம்மா, வெல்வெட்டு நசுங்கினால் என்ன செய்வோம்?”

எனக்குத் தெரியவில்லை. ஆச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தையல் வேலை செய்தவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே மாடிப்படியில் இத்தனை காலமாக ஏறி இறங்குகிறோம்.

“ஆவி காட்டுவோம். இஸ்திரிப் பெட்டி வைத்தால் செத்துப்போகும். ஆவிதான்.”

ஐந்து நிமிடத்தில் இட்லிப் பானையோடு திரும்பி வந்தார்கள். அடியில் தண்ணீர், மேலே தட்டு, தட்டின்மேல் ஈரத்துணி. குழிக்கு ஒன்றாக டார்ட்டுகளை வைத்து மூடினார்கள். மணி பார்க்கவில்லை, மூடியின் ஓரத்தில் ஆவி எழுவதைப் பார்த்தே திறந்தார்கள். முதல் ஈட்டில் ரப்பர் முனையின் பசை இளகி ஒன்று கழன்று வந்துவிட்டது. அடுத்த ஈட்டிலிருந்து முனை குழியின் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி அடுக்கச் சொன்னார்கள், நேரத்தையும் குறைத்தார்கள். திறந்தபோது உருண்டையாக, முழுசாக, புதிதுபோல இருந்தன. சூடேறினால் நுரை இளகுகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, பழைய வடிவம் திரும்பி வருகிறது. உலகின் மற்ற மூலைகளில் இந்த விளையாட்டை ஆடுபவர்களும் நசுங்கிய டார்ட்டுக்கு ஆவி காட்டுவது உண்டு என்று பின்னர் படித்தேன். ஆச்சி அதையெல்லாம் படித்தவர் அல்லர். விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னார்.

இரவு முழுவதும் அடுப்படியில்தான் இருந்தோம். ஆச்சி ஈடு ஈடாக அவித்தார்கள். நான் மின்விசிறிக்கு அடியில் துண்டு விரித்துக் காயவைத்தேன். என் மகள் வளைந்ததையும் நேரானதையும் பிரித்தாள். நடுவில் ஆச்சி, “இந்த நுரையை எவன் கண்டுபிடித்தான்?” என்று கேட்டார்கள். அமெரிக்காவில் ரெய்ன் கைர் என்பவர் 1969இல் கொண்டுவந்த யோசனை இது, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வீட்டுக்குள் ஆடும் பந்தாகத்தான் முதலில் விற்றது, சன்னலும் விளக்கும் உடையாது என்பதுதான் அதன் பெருமை, டார்ட் சுடும் துப்பாக்கி 1992இல்தான் வந்தது என்று சொன்னேன்.

“பந்தோடு நிறுத்தியிருக்கலாம்” என்றார்கள், அடுத்த தட்டை இறக்கிக்கொண்டே.

இதைத்தான் இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆச்சிக்குப் பிடித்த வேலைக்காக அவர் விழித்திருக்கவில்லை. தனக்குப் பிடிக்காத விளையாட்டுக்காக, தான் எதிர்த்துப் பேசிய போட்டிக்காக, முழங்கால் வலியோடு அடுப்பின் முன் நின்றார். ஏன் ஆச்சி என்று கேட்டேன். “துப்பாக்கி வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் காலையில் ஏமாந்து நிற்கக் கூடாது என்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பாதே” என்றார்கள். நம் சங்கக் கூட்டங்களில் ஒரு கருத்தில் எதிரெதிராக நின்றவர்கள் மறுவாரம் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துப் பழகிப்போன எனக்கு இது புதிது. நானே அப்படி முகத்தைத் திருப்பியவர்களின் பட்டியல் கொஞ்சம் நீளம்தான். ஆச்சியின் கருத்தை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் இனி அவர் கூட்டத்தில் எழுந்து நின்றால் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்பேன்.

நுரை அவித்த பானையில் இனி உணவு சமைக்கக் கூடாது என்று பானையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். புதுப் பானை வாங்கிக்கொண்டு போனேன், வாங்க மறுத்தார்கள். அவர்களிடம் இன்னும் இரண்டு இருக்கின்றனவாம். போட்டிக்கும் வரவில்லை. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; தூங்கட்டும் என்று மைதானத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தோம்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வேகத்தைக் கணக்கிட்டுத் தந்த பத்தாம் வகுப்பு மாணவிக்கு நன்றி. சுடும் சத்தத்துக்கும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் மோதும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து வகுத்துவிடலாம்; கருவி எதுவும் தேவையில்லை. அவித்த டார்ட்டும் அவிக்காத டார்ட்டும் ஒரே துப்பாக்கியில் எவ்வளவு மாறுபடுகின்றன என்று அவள் காட்டிய பிறகுதான், வயருக்கும் மோட்டாருக்கும் நாங்கள் கொட்டிய உழைப்பில் எவ்வளவு வீணாகியிருக்கும் என்று புரிந்தது. இரவு கேட்டைத் திறந்துவிட்ட காவலர் அண்ணன்கள், தேநீர் அனுப்பிய முதல் மாடி வீடு, சிதறிய டார்ட்டுகளைக் கார்களுக்கு அடியிலிருந்து பொறுக்கித் தந்த பொடியன்கள், எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

கண் மருத்துவர் அம்மாவுக்குத் தனியாக. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளையும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று போட்டி தொடங்கும்வரை எல்லையிலேயே நின்றார். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2017இல் இத்தகைய டார்ட் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூவரைப் பற்றி எழுதியிருப்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். அவர்களில் ஒருவன் 11 வயதுச் சிறுவன். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் நெர்ஃப் எலைட் வகைத் துப்பாக்கியே விநாடிக்கு 70 அடி வேகத்தில் சுடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். துப்பாக்கியை மேம்படுத்துகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிதான், மோட்டார் அதற்குப் பிறகு.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே வாக்குக் கொடுக்கிறேன்: டார்ட்டுகள் கிடங்கறைக்குப் போகாது, என் வீட்டுப் பரணில் தகர டப்பாவில் இருக்கும். போட்டி நாளின் காலையில் ஆச்சிக்கும் அவரைப் போல நினைப்பவர்களுக்கும் மைதானத்தை விட்டுத் தருகிறோம். நுரைப்பந்து, கோலம், எது வேண்டுமானாலும் அவர்கள் நடத்தட்டும். துப்பாக்கி மாலையில்தான்.

மிச்சம் இருக்கும் வயரும் சுவிட்சுகளும் என்னிடம் இருக்கின்றன. சால்டரிங் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள், பெரியவர்கள் யாரானாலும் வரும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். செருப்புப் போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள், தரையில் ஈயத்துளிகள் இன்னும் இருக்கின்றன.