கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்குக்கும் கை கொடுத்தவர்களுக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீநிரல் எங்கள் கல்லூரி சர்வர்களை முடக்கிய செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். மதிப்பெண், ஆய்வுத் தரவு, சேர்க்கை விண்ணப்பம் எதையும் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று கிடந்தது. இன்று எல்லாம் பழையபடி ஓடுகிறது. ஒரு பைசா கொடுக்கவில்லை.

முதல் நன்றி இரவுப் பணியில் இருந்த லேப் உதவியாளருக்கு. கோப்புகளின் பெயர்கள் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்ததும் நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிவிட்டார். ஆனால் கணினிகளை அணைக்கவில்லை. அணைத்திருந்தால் நினைவகத்தில் இருந்த தடயங்கள் போயிருக்கும். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அவர் செய்த காரியத்தால்தான் நூலக சர்வர் தப்பியது.

அப்புறம், எங்கள் சிஸ்டம் அட்மின் அண்ணன். வாராவாரம் பிரதி எடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். நெட்வொர்க்கில் இருந்த பேக்கப் பிரதியைத் தாக்குதல் நடத்தியவர்கள் முதலிலேயே அழித்துவிட்டார்கள். மிஞ்சியது பீரோவில் இருந்தது மட்டும்தான். பல வருட ஆராய்ச்சி அதில் இருந்தது. அதைத் திரும்பப் பார்த்தபோது எங்கள் மாணவி ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

அண்ணனுக்கு அந்தப் பழக்கம் வந்த கதையும் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பரில் 267 சர்வர்கள் முடங்கின. 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீண்டார்கள். அக்டோபரில் வந்த மோசடி மின்னஞ்சல் வழியாக ஆள் உள்ளே நுழைந்ததையும், பேக்கப் சிலவற்றை ஆன்லைனிலேயே விட்டிருந்ததையும் 2020 பிப்ரவரியில் ஊரறியச் சொன்னார்கள். அதைப் படித்துத்தான் அண்ணன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றத் தொடங்கினார். தங்கள் தவற்றை மறைக்காமல் சொன்ன அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மனமார்ந்த நன்றி.

சேர்க்கைப் பிரிவு அக்காமார்களை மறக்கவே முடியாது. விண்ணப்பங்களைக் காகிதத்தில் வாங்கி, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். இது சின்ன வேலையே இல்லை. அமெரிக்காவில் 1865இல் தொடங்கிய லிங்கன் கல்லூரியின் சேர்க்கைப் பணி இப்படியொரு தாக்குதலில்தான் முடங்கியது. கொரோனாவில் ஏற்கெனவே தள்ளாடிய அந்தக் கல்லூரி 2022 மே மாதம் மூடப்பட்டது.

இரவு பகலாக வந்து கணினிகளைத் துடைத்து மறுபடி நிறுவிக் கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும், சைபர் கிரைம் போலீசாருக்கும் நன்றி.

நடந்ததை ஒளிக்காமல் வெளியிடச் சம்மதித்த எங்கள் நிர்வாகத்துக்குத் தனி நன்றி. அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்லூரி கேட்டாலும் தருகிறோம்.

அன்புடன்,
ஆய்வு மாணவர்கள் சார்பில் ஒரு பேராசிரியர்