ஒக்கோனீச்சிப் படிகளை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வட கரோலைனாவின் ஹில்ஸ்பரோவில் நடந்த நம் குடும்பக் கூடலுக்குப் புளியோதரை அண்டாவைச் சுமந்து சென்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை வெளியாளின் புகாராக எண்ண வேண்டாம்.

நண்பகல் வாக்கில், எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் மகளின் தோளைப் பற்றியபடி ஈனோ ஆற்றோரப் பாதையில் மெல்ல நடந்து வந்தார். சிறுவயதில் தம் தந்தையோடு உட்கார்ந்து கார்ப் பந்தயம் பார்த்த படியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டுப் போக வேண்டும் என்றார். அந்தப் படிகளில் நம் பாய்களும் ஐஸ் பெட்டிகளும் ஒலிபெருக்கியும் இருந்தன. நம் தொண்டர் ஒருவர், இது எங்கள் குழுவுக்கான இடம், மூன்று மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பெரியவர் ஒரு பைன் மரத்தில் கையை ஊன்றிச் சற்று நேரம் நின்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். கரண்டியும் கையுமாக நின்றிருந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் இம்மடலை எழுத வைக்கிறது.

அழைப்பிதழில் நீங்கள் 'ஆற்றங்கரைப் பூங்கா' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது ஒக்கோனீச்சி பந்தயத்தடம். பண்ணை நிலமாக இருந்த அவ்விடத்தில் முன்பே ஒரு குதிரைப் பந்தயப் பாதை இருந்தது. அதைக் கண்ட பில் பிரான்ஸ், அதாவது நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பை நிறுவியவர், ஒரு மைலுக்குச் சற்றே குறைந்த நீள்வட்ட மண்தடமாக அதை மாற்றினார். 1949-இல் நாஸ்கார் தன் முதல் பருவத்தில் நடத்திய எட்டுப் பந்தயங்களில் மூன்றாவது, ஆகஸ்ட் 7 அன்று இங்கேதான் நடந்தது. பாப் பிளாக் வென்றார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு உள்ளூர்த் தேவாலயத்தார் காட்டிய எதிர்ப்பு வலுக்க, 1968 செப்டம்பர் 15-இல் ரிச்சர்ட் பெட்டி வென்ற பந்தயத்தோடு தடம் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக, பில் பிரான்ஸ் அலபாமாவின் டல்லடேகாவில் மிகப் பெரிய தார்த்தடம் ஒன்றைக் கட்டி மறு ஆண்டே திறந்தார். அந்த முதல் பருவத்தின் மண்தடங்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. 2002-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

என் மகள் என்னிடம், "காட்டுக்குள்ளே எதுக்குப்பா படிக்கட்டு?" என்று கேட்டாள். சுற்றி நின்ற பெரியவர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மரங்கள் அடர்ந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் வண்டிகள் பக்கவாட்டில் சறுக்கியபடி செம்புழுதி கிளப்பி வளைந்த தடம் என்று அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கக்கூடியவர், நாம் திருப்பி அனுப்பிய அந்தப் பெரியவர் ஒருவர்தான்.

அதனால் என் வேண்டுகோள் இது: அடுத்த அழைப்பிதழில் அது பந்தயத்தடம் என்று எழுதுங்கள், படிகளை வருபவர்களுக்கு விட்டுவையுங்கள்.

ஊரில் நடுகல்லைத் துவைகல்லாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் நம் குழுவில் நாள் முழுக்கக் கொதிக்கிறோம். இங்கே, இருபது ஆண்டுகளாக வாழ்ந்து பிள்ளை வளர்க்கும் மண்ணில், தடத்தின் வளைவில் இரும்பு முளைகளை அடித்துப் பந்தல் போட்டோம். ஒக்கோனீச்சி என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர் என்பதையாவது நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

செவ்வாய் மாலை தனியே போய், பிடுங்கிய முளைகள் விட்டுச் சென்ற எட்டுக் குழிகளிலும் மண்ணை இட்டு மிதித்துவிட்டு வந்தேன். இனிப் பந்தல் தேவைப்பட்டால், முளைக்குப் பதிலாகக் கால்களில் மணல்மூட்டை கட்டச் சொல்லுங்கள். அழைப்பிதழுக்கான அரைப் பக்க வரலாற்றுக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன். தயவுசெய்து, படிகளை மட்டும் விட்டுவையுங்கள். அந்தப் பெரியவர் மீண்டும் ஒருநாள் வரக்கூடும்.

பணிவுடன்,
சங்க உறுப்பினன் ஒருவன்