அருணுக்கு, மிளகு விஷயமாக

அன்புள்ள அருணுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காயத்ரியையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டு. அவளுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது என்றாலும் நாய் விஷயத்தில் உன்னைவிடப் பொறுமைசாலி.

உன் நாய்க்குட்டி மிளகை இரண்டு வாரம் யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாய். அவர் பழக்கி, ஒழுங்காக்கி, வீட்டிலேயே கொண்டுவந்து விடுவாராம். இன்னும் காசு கட்டவில்லை என்றால் கட்டாதே. கட்டிவிட்டாய் என்றால் திரும்பக் கிடைக்குமா என்று கேள்.

முதலில் மிளகுக்கு ஒரு கோளாறும் இல்லை என்பதைப் புரிந்துகொள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடினால் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலைக் கவ்வுகிறது என்கிறாய். அது கெல்பி. ஆஸ்திரேலியாவில் நம் இதே விக்டோரியா மாநிலத்தில், காஸ்டர்டன் பக்கத்துப் பண்ணையில் 1870களில் ஆடு மேய்க்கவென்றே உருவான இனம். சிதறுகிற ஆட்டை வளைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், வராத ஆட்டைப் பின்னாலிருந்து விரட்ட வேண்டும். பரம்பரையாக அதன் வேலையே அதுதான். பெண்டிகோவில் உன் இரண்டு பெட்ரூம் யூனிட்டில் ஆட்டுக்கு எங்கே போகும்? கிடைத்த பிள்ளைகளை மேய்க்கிறது. அதிலும் ஏழு மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம். நேற்றுவரை கூப்பிட்டால் வந்தது இன்றைக்குக் காதே கேட்காத மாதிரி நிற்கும். உன்னையும் அந்த வயதில் வைத்துச் சமாளித்தவள் சொல்கிறேன், இது கடந்து போகும்.

அந்த ஆளிடம் விட்டால் மிளகு கற்றுக்கொள்ளாது என்று சொல்லவில்லை. நன்றாகவே கற்றுக்கொள்ளும், ஆனால் அவரிடம், அவருடைய இடத்தில். ஒரு இடத்தில் படித்ததை இன்னொரு இடத்துக்கு நாய் தானாகக் கொண்டுபோவதில்லை. நம் லட்டுவையே எடுத்துக்கொள். சமையலறையில் "சிட்" என்று வாய் திறக்கும் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல்முறை மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது அந்தச் சொல்லையே வாழ்நாளில் கேட்காதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஆளில்லாத மூலையில், பிறகு இரண்டு நாய்க்கு நடுவில், பிறகு பந்து உருள்கிற இடத்தில். இரண்டு வாரம் கழித்து மிளகு உன் வீட்டுக்கு வரும்போது வாரைப் பிடித்திருக்கும் கை உன்னுடையது. உன் கைக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்று. அவர் என்ன கழுத்துப்பட்டை போடுகிறார் என்று கேட்டாயா? உள்பக்கம் முள்முள்ளாக இருக்கும் பட்டையை ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதி செய்யவே தடை, விக்டோரியாவில் நாய்க்குப் போட்டாலும் குற்றம். கரண்ட் அடிக்கிற பட்டைக்கு இங்கே கட்டுப்பாடுகளோடு அனுமதி உண்டு, நியூ சவுத் வேல்ஸில் அதுவும் இல்லை. "டூல்ஸ்" என்று பொதுவாகச் சொல்லி நழுவினார் என்றால் நீ திரும்பி வந்துவிடு.

சரி, என்ன செய்யலாம்? உன் ஊரிலோ பக்கத்திலோ, ஞாயிறுதோறும் நாய்ப் பயிற்சி நடத்துகிற எங்கள் கிளப் மாதிரி ஒன்று இருக்கும். போய்ச் சேர்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன வேலை, மழையில் போய் நிற்கிறாயே, சம்பளமா தருகிறார்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஒருநாளும் நான் விளக்கமாகச் சொன்னதில்லை, நீயும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. இப்போது சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு முன்னால் கன்டெய்னரைத் திறப்போம். பூட்டு துருப்பிடித்தது, அதைத் திறக்க ஒரு தனி வித்தை வேண்டும், எங்களில் மூன்று பேருக்குத்தான் வரும். கூம்புகள், தாண்டுகிற கம்பிகள், மடக்கு மேஜை எல்லாம் வெளியே வரும். ஒருவர் மைதானம் முழுக்க நடந்து, முந்தின நாள் ஃபுட்டி (இந்த ஊர்க் கால்பந்து) பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப்போன கோழி எலும்பு, உடைந்த பாட்டில் எல்லாம் பொறுக்குவார். இன்னொருவர் வாசல் மேஜையில் உட்கார்ந்து தடுப்பூசி அட்டையைப் பார்ப்பார். சி5 என்கிற தடுப்பூசி போட்டு தேதி தாண்டியிருந்தால் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை. ஒரு நாய் இருமிக்கொண்டு வந்தால் போதும், அடுத்த வாரம் பாதி வகுப்பு காலி. பொதுவில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதா வேண்டாமா என்று கமிட்டியில் ஒரு முழு மாலை சண்டை நடந்தது. வேண்டாம் என்று முடிவானது. அவரவர் கிண்ணம் அவரவர் கொண்டுவர வேண்டும்.

எட்டரைக்குக் குட்டிகள் வகுப்பு, பிறகு ஆரம்ப நிலை, அப்புறம் படிப்படியாக மேலே. வருகிறவர்கள் வாரை இழுத்துப் பிடித்தபடி, கை வெளுத்துப்போய், முகத்தில் வெட்கத்தோடு வருவார்கள். தன் நாய் மட்டும்தான் குரைக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. நான் முதலில் சொல்வது, நாயை விட்டுவிடுங்கள், உங்கள் வலது கையைப் பாருங்கள் என்பதுதான். தின்பண்டம் எந்தக் கையில், எந்த நொடியில் வாயருகே போகிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. நாய் உட்கார்ந்த நொடியில் கொடுத்தால் உட்கார்ந்ததற்குக் கூலி. பையைத் துழாவி, ஜிப்பைத் திறந்து, எடுத்துக் கொடுப்பதற்குள் அது எழுந்துவிட்டால் எழுந்ததற்குக் கூலி. கையில் வைத்து அமுக்கினால் "கிளிக்" என்று சத்தம் போடுகிற அந்தக் கிளிக்கர் எதற்கு என்று கேட்டாயே, அந்த நொடியைப் பிடித்து வைப்பதற்குத்தான். ஸ்கின்னரிடம் படித்த பிரெலண்ட் தம்பதி 1940களிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். டால்பின் பழக்கிக்கொண்டிருந்த கேரன் பிரையர் என்ற அம்மா 1990களில் நாய்க்காரர்களிடம் அதைப் பரவலாகக் கொண்டுபோனார்.

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிரேஹவுண்டை ஒருவர் கூட்டிவந்தார். லாரி ஓட்டுகிறவர், ஆறடி உயரம், பேச்சே கிடையாது. நாயைப் பார்த்ததும் எனக்குச் சாத்தூர் ஞாபகம் வந்துவிட்டது. ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, அச்சாகத் தாத்தா வயலில் ஓடிய சிப்பிப்பாறை. (அதுகளுக்கு யாரும் "சிட்" சொல்லிக்கொடுத்ததில்லை. முயல் பிடித்தது, வாசலில் படுத்தது, அவ்வளவுதான்.) இந்த மனிதர் மண்டியிட்டு, தின்பண்டத்தை அதன் தலைக்கு மேலே கொண்டுபோய், வாரக்கணக்கில் உட்காரவைக்கப் பார்த்தார். அது பின்னால் நகர்ந்ததே தவிர உட்காரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களில் மூத்த இன்ஸ்ட்ரக்டர் ஒரு பாட்டி, எழுபது தாண்டியவர், அருகே போய் அதன் தொடையில் கைவைத்துக் காட்டினார். அந்தத் தசைக்கட்டுக்கு உட்காருவது சுகமான காரியமில்லை, நிற்கச் சொல்லிக்கொடுங்கள், அசையாமல் நின்றால் போதும் என்றார். அன்றைக்கே நின்றது. தேர்வு அன்று எல்லா நாயும் உட்கார்ந்திருக்க இது மட்டும் கம்பீரமாக நின்றுகொண்டே பாஸானது. 2019 ஜனவரியிலிருந்து இங்கே கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடை கட்டாயமில்லை, வார் மட்டும் இருந்தால் போதும். ஆனாலும் தெருவில் ஆட்கள் ஒதுங்கிப் போவார்களாம். மைதானத்தில் யாரும் ஒதுங்கவில்லை என்று அவர் சொன்னார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அந்தப் பாட்டிக்கு யாரும் ஒரு டாலர் தருவதில்லை. எனக்கும்தான். உறுப்பினர்கள் கட்டுகிற பணம் இன்ஷூரன்ஸுக்கும், கவுன்சிலுக்குக் கட்டுகிற மைதான வாடகைக்கும், உடைந்த கம்பி மாற்றுவதற்கும் போய்விடும். பற்றாக்குறைக்கு பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் விற்போம். அப்பா அதற்கு மட்டும் தவறாமல் வருவார், வெங்காயம் வதக்குவது தன் பொறுப்பு என்பார், தின்பதும் அவரே. இன்ஸ்ட்ரக்டர் ஆவதும் உடனே நடப்பதில்லை. முதலில் உன் நாயோடு மேல்நிலை வரை வர வேண்டும். பிறகு ஒரு மூத்தவர் பின்னால் பல மாதம் நின்று பார்க்க வேண்டும். பிறகு பாதி வகுப்பை நீ எடுக்க அவர் ஓரத்தில் நின்று பார்ப்பார். பிள்ளைகள் வருகிற வகுப்பு என்றால் அரசாங்கத்தின் பிள்ளைகள் பாதுகாப்பு அட்டையும் வேண்டும். தன்னார்வலருக்கு அது இலவசம்.

இதைவிடக் கஷ்டம் கமிட்டி. சட்டப்படி பதிவான சங்கம் என்பதால் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கு வைத்து, அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பொருளாளர் பதவிக்குப் பெயர் கேட்டதும் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. அம்பத்தூர் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்த்தவள் என்று ஒருத்தியிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அப்படித்தான் மாட்டினேன். மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை என்பதை நீ நம்ப மறுக்கிறாய். இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் தெருவில் இரண்டு பேரைத்தான் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். இப்போது காய்கறிக் கடையில் நின்றால் நாய் பெயரைச் சொல்லி நாலு பேர் விசாரிக்கிறார்கள். என் பெயர் அவர்களுக்குச் சரியாக வராது, "லட்டு மம்" என்பார்கள். பரவாயில்லை.

நான் எரிச்சல்படுவது வேறொரு விஷயத்துக்கு. இப்போது வருகிற சிலர் கடைக்கு வருகிற மாதிரி வருகிறார்கள். காசு கட்டினேன், ஆறு வாரமாகிவிட்டது, இன்னும் இழுக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு. வீட்டில் தினம் பத்து நிமிஷம் செய்தீர்களா என்றால் நேரமில்லை. மழை பெய்து வகுப்பை ரத்து செய்தால் இமெயிலில் திட்டு. கூட்டம் முடிந்ததும் கம்பிகளைச் சுமந்து உள்ளே வைக்க ஆள் தேடினால் கார் பார்க் காலியாகிவிடும். இப்படியே போனால் நாய்க்கும் பஞ்சமில்லை, வருகிறவருக்கும் பஞ்சமில்லை, நடத்த ஆளில்லாமல்தான் மூட வேண்டிவரும். அந்தப் பாட்டிக்கு அடுத்து மேல்நிலை வகுப்பை யார் எடுப்பது என்று எங்களுக்கே இன்னும் தெரியவில்லை.

அதனால் நீ எங்கே சேர்ந்தாலும் அந்த மாதிரி போகாதே. கால்மணி முன்னால் போய் ரெண்டு கூம்பையாவது எடுத்து வை. இவ்வளவுதான் உன்னிடம் நான் கேட்பது, மிச்சமெல்லாம் மிளகுக்காகச் சொல்வது.

எப்படித் தேடுவது என்றால், கவுன்சிலுக்கு ஒரு போன் போடு. அங்கீகாரம் பெற்ற அமைப்பில் கீழ்ப்படிதல் பயிற்சி முடித்த நாய்க்குப் பதிவுக் கட்டணம் குறைவு. ஏப்ரல் 10க்குள் கட்டுகிறாயே, அதிலேயே கழியும். அதற்கான பட்டியலைக் கேட்டால் பக்கத்தில் எந்த கிளப் என்று தெரிந்துவிடும். டாக்ஸ் விக்டோரியா என்கிற மாநில நாய்ச் சங்கத்திலும் விசாரிக்கலாம். முதல் வாரம் பெரும்பாலும் நாய் இல்லாமல் ஆளை மட்டும் வரச் சொல்வார்கள். நாயே இல்லாமல் நாய் வகுப்பா என்று சிரிக்காமல் போ.

சாதாரணத் தட்டைப் பட்டையும் ஒன்றரை, இரண்டு மீட்டர் வாரும் போதும். நீளுகிற அந்த ரீல் வாரை வீட்டிலேயே வைத்துவிடு. காலில் மூடிய ஷூ. காலையில் மிளகுக்குச் சாப்பாடு குறைவாகப் போடு, பசி இருந்தால்தான் உன்னைக் கவனிக்கும். அவித்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள். நீ செய்கிற மாதிரி முழு பிஸ்கட்டைக் கொடுத்தால் நாலாவது தடவை வயிறு நிறைந்து புல்லை மோந்துகொண்டிருக்கும்.

வீட்டில் குரைப்பதற்கு ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். குரைத்தால் கதவைத் திறப்பதை நிறுத்தினாய் என்றால் முதல் சில நாள் முன்னைவிட மோசமாகக் குரைக்கும். இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று ஓங்கிக் குரைத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பொறுக்காமல் திறந்துவிட்டால், ஓங்கிக் குரைத்தால்தான் திறக்கும் என்று நீயே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். காயத்ரி தாங்குவாள். நீதான் எழுந்து போய்த் திறப்பாய், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி, ஒரு டப்பா முறுக்கும் கொடுத்துவிட்டு ஆரம்பி.

மிளகு பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுவதை நிறுத்த வேறு வழி இருக்கிறது, அதை எழுத்தில் சொன்னால் விளங்காது. ஞாயிறு மாலை வீடியோ காலில் மிளகையும் நிறுத்தி வை, காட்டுகிறேன். நாலு மணிக்கு மேல், அதற்குள் நான் கணக்கு முடித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: பொங்கலுக்கு மிளகையும் கூட்டிவர முடியுமா என்று அப்பா கேட்கிறார். தாராளமாகக் கூட்டி வா. கிறிஸ்துமஸிலிருந்து பிப்ரவரி வரை வெயிலுக்காக எங்களுக்கு வகுப்பு இல்லை, லட்டுவுக்கும் துணையாக இருக்கும். ஆனால் அப்பா கையால் எதையும் கொடுக்க விடாதே. சர்க்கரைப் பொங்கலில் போடுகிற உலர்திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், வெங்காயமும் ஆகாது. அவருக்கு இரண்டையும் சொல்லியாயிற்று. தலையை ஆட்டினார், கேட்ட மாதிரி தெரியவில்லை.