கிரொன் வரியை எழுதிவிட்டு மறந்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் கணினிகளில் அன்றாட வேலைகளைக் குறித்த நேரத்தில் தாமாகவே நடக்கச் செய்யும் கிரொன் பற்றித் தங்கள் பத்திரிகையின் கணினிப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. எனினும் கிரொன் வரியின் தொடக்கத்திலுள்ள நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை ஆகிய ஐந்து இடங்களையும் சரியாக நிரப்பிவிட்டால் அந்த வேலையை மறந்துவிடலாம் என்று கட்டுரையாளர் கூறுவதை, கொழும்பில் சிறு வியாபார நிலையங்களின் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

1979 இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்த கிரொன், அந்தந்த நிமிடத்துக்குரிய வேலை பட்டியலில் உண்டா என்று பார்த்து, இருந்தால் அதனைச் செய்யும். கணினி நின்றிருந்த வேளையில் தவறிப்போனவற்றை அது தேடிச் செய்வதில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றின் கணினியில், கணக்குகளுக்குப் பிரதி எடுப்பதற்காக "30 2 * * *" என நாள்தோறும் அதிகாலை இரண்டரை மணி குறிக்கப்பட்டிருந்தது. வரியில் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் இரவில் கடையைப் பூட்டும் முதலாளி மெயின் சுவிச்சையும் நிறுத்திவிட்டே வீடு செல்வார் என்பதால், அந்த வேலை ஒருநாளேனும் நடந்ததில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனை அபூர்வமான சங்கதி என்று ஒதுக்க முடியாது. இத்தகைய இடங்களுக்கு, தவறிய வேலையைக் கணினி மீண்டும் இயங்கியபின் செய்து முடிக்கும் அனாக்ரொன் என்னும் மென்பொருள் அல்லது, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் பெர்சிஸ்டென்ட் வசதியை இயக்கிய டைமரே பொருத்தமானது. கட்டுரையில் இவ்விரண்டின் பெயரும் இல்லை.

கையால் தட்டச்சிடும்போது ஒழுங்காக ஓடுகின்ற கட்டளை கிரொனில் ஓடாமற்போவதும் உண்டு. பிரதிக் கோப்பின் பெயரில் அன்றைய திகதியைச் சேர்ப்பதற்கு எழுதும் சதவீதக் குறியை (%), கிரொன் ஆனது வரியின் முறிவாகவே கொள்ளும். அதற்கு முன்னால் பின்சாய்கோடு (\) இடாவிட்டால் கட்டளை பாதியிலேயே துண்டிக்கப்படும். கட்டளை ஏதாவது பிழைச் செய்தியை வெளியிட்டால், அது வழக்கமாக அக்கணினிக்குள்ளேயே இருக்கும் பயனரின் அஞ்சற்பெட்டிக்குத்தான் போகும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் கடைக்காரர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அஞ்சல் மென்பொருளே நிறுவப்படாத கணினியாயின் செய்தி அங்கும் போய்ச் சேராது.

வெளிநாட்டில் வாடகைக்குப் பெறும் சேவையகங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யு.ரீ.சி. நேரத்திலேயே ஓடுவதால் நமது ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். இங்கு திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு நடக்கவேண்டிய வேலையை அங்கு ஞாயிறு இரவு ஏழரைக்கென எழுதவேண்டியிருப்பதால், மணி மட்டுமன்றிக் கிழமையும் மாறிவிடுகிறது. 1996 இல் இரு தடவையும் 2006 இல் மீண்டும் ஒரு தடவையும் கடிகாரத்தை மாற்றிய நமக்கு இது புரியாத விடயமல்ல. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையோ அந்த ஐந்து இடங்களால் குறிக்கவே இயலாது; அவ்வாண்டின் போயாத் திகதிகளைத் தனிக் கோப்பில் எழுதி, வேலையைத் தொடங்குமுன் அதனைப் பார்க்கும்படி கட்டளைக் கோப்பிலேயே ஏற்பாடு செய்யவேண்டும்.

ஆகவே இக்கட்டுரைக்கு ஒரு தொடர்ச்சியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை நடந்ததைப் பதிவுக் கோப்பில் குறிக்கும் முறையும், பிரதி புதிதாகச் சேராத நாளில் உரியவருக்கு அறிவிக்கும் முறையும், எடுத்த பிரதியிலிருந்து கணக்குகளை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கும் முறையும் அதில் விளக்கப்பட்டால், தமிழ்மொழி மூலம் கணினி கற்கும் மாணவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.